கம்ப்யூட்டரை எழுப்புகிறவள்

அந்தக் கடையில் தினமும் காலையில் ஒரே சத்தம்தான் முதலில் கேட்கும். மாமனார் ஷட்டரைத் தூக்குவார், மெயின் சுவிட்சை ஏற்றுவார், பிறகு மாடிப்படியை அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுப்பார்.

"பெரியவளே! வந்து இதை எழுப்பி விட்டுட்டுப் போம்மா!"

எழுப்ப வேண்டியது ஆளை அல்ல, கம்ப்யூட்டரை. மேலே வீடு, கீழே எம்ப்ராய்டரி கடை. வரிசையாக ஊசிகள் வைத்த பெரிய மெஷின் ஒன்று கடையின் முக்கால் பாகத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை ஓட்டுவது பெரியவளின் புருஷன், அந்த வீட்டின் மூத்த மகன். பள்ளிக்கூடச் சட்டைக்குப் பேட்ஜ், கம்பெனித் தொப்பிக்கு எழுத்து, மேஜை விரிப்புக்குப் பூ என்று எது வந்தாலும் முதலில் அது கம்ப்யூட்டரில் தையலாக மாற வேண்டும். எந்தத் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே நூல் அறுபட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, பென் டிரைவில் ஏற்றி மெஷினுக்குக் கொடுப்பது பெரியவளின் வேலை. மெஷின் தைத்து முடித்ததும் பென் டிரைவைத் துடைத்துவிடுவாள். தன்னுடைய பூவும் இலையும் தன்னுடைய கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது. யாராவது எடுத்துக்கொண்டால்?

மாமனாருக்குத் தீ என்றால் பயம். ஒயர் எரிந்து சாம்பலான கடை ஒன்றை எப்போதோ பார்த்துவிட்டார். அதனால் இரவு கடையைச் சாத்தும்போது மெயினையே இறக்கிவிடுவார். மறுநாள் காலையில் அந்தக் கம்ப்யூட்டர் நேற்று என்ற ஒன்று இருந்ததே தெரியாத மாதிரி விழிக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ புலம்பிவிட்டு, எஃப் ஒன் விசையை அழுத்தச் சொல்லி நின்றுவிடும். அழுத்தினால் நீலப் பக்கம் ஒன்று வரும். அதில் பெரியவள் தேதியைத் திருத்துவாள், நேரத்தைத் திருத்துவாள், இன்னொரு பக்கத்துக்குப் போய் ஒரே ஒரு வரியை மாற்றுவாள். சேமித்துவிட்டு எழுந்தால் விண்டோஸ் தானாக வரும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு விரல்கள் பறப்பது மட்டும்தான் தெரியும்.

அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கைப் பழைய முறையில் படி என்று சொல்லும் வரி அது. அதை மாற்றாவிட்டால் விண்டோஸ் பாதி தூரம் வந்து, நீலமாக ஒரு மின்னல் அடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நாள் முழுக்க விட்டாலும் அதேதான்.

இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் முன்பு ரிப்பேருக்கு வந்த ஒரு மெக்கானிக். "போர்டுல இருக்கிற பட்டன் பேட்டரி செத்துப் போச்சும்மா. அதை மாத்திட்டா இந்தப் பாடே இல்லை. அதுவரைக்கும் இப்படிப் பண்ணிக்குங்க" என்று காட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கே பேட்டரி வாங்கிவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் மறுநாள் காலையில் அவள் விரல்கள் பறப்பதை மாமனார் பின்னால் நின்று பார்த்தார். வந்திருந்த வாடிக்கையாளரிடம், "எங்க பெரியவ வந்து கை வெக்கலைன்னா இந்தக் கடை கடையே இல்லைங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேட்டரி வாங்குவது ஏனோ தள்ளித் தள்ளியே போனது.

அம்மா வீட்டுக்குப் போனால்கூட இரவு தங்க மாட்டாள். தப்பித்தவறித் தங்கினால் விடிந்ததும் கொழுந்தன் போன் பண்ணுவான்.

"அண்ணி, எப்படி எழுப்புறதுன்னு போன்லயே சொல்லுங்களேன்."

"போன்ல சொன்னாப் புரியாதுப்பா. நானே வந்துடறேன்."

முகத்தைச் சலிப்பாக வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். மனசு முன்னாலேயே ஓடிப்போய்க் கடை வாசலில் நிற்கும்.

இந்த நிலைமையில்தான் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, சின்னவள் வந்து சேர்ந்தாள்.

சின்னவள் கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் விற்கிற கடையில் வேலை பார்த்தவள். அது ஒன்றே போதாதா? இல்லை, இன்னும் இருந்தது. அவள் சிரித்தால் வீடே சிரித்தது. எல்லோரிடமும் எரிந்து விழும் மாமனார் அவளிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவள் டீ போட்டால் டீயைப் பற்றிப் பேச்சு. பெரியவள் இத்தனை வருஷமாகப் போட்ட டீயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது, குடித்துவிட்டு டம்ளரை வைப்பார்கள், அவ்வளவுதான். சின்னவள் கெட்டவளாகவாவது இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. பெரியவள் போட்ட டிசைனைக் குனிந்து பார்த்து, "அக்கா, இந்த இலை கிள்ளிப் பார்க்கலாம் போல இருக்கு!" என்பாள். மனசாரச் சொல்கிறாள் என்று தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் வயிறு எரிந்தது. இவள் யார், வந்ததும் வராததுமாக எனக்கு மார்க் போட?

ஒரு நாள் கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். சிநேகிதன் வேலை செய்யும் ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ப்ராசஸர்.

"அண்ணி, பெரிய டிசைனைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்குன்னு திட்டுவீங்களே. இதைப் போட்டா பறக்கும்."

சின்னவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ம போர்டுல உட்காரும். ஆனா முதல்ல பயாஸை அப்டேட் பண்ணணும்."

"அது யாரு பயாஸ்?" என்றார் மாமனார்.

"கரண்ட் வந்ததும் முதல்ல கண்ணு முழிக்கிறது அதுதான் மாமா. எனக்குக் கை இருக்கா, கால் இருக்கான்னு தடவிப் பார்த்துட்டு, அப்புறமாத்தான் விண்டோஸைக் கூப்பிடும். நம்ம போர்டுல இருக்கிறது பழசு. இந்த ப்ராசஸரைப் பார்த்தா, யாரு நீன்னு கேக்கும். புதுசை எழுதிட்டா அடையாளம் கண்டுக்கும்."

"அப்படிச் சொல்லு! புது மருமக வந்திருக்கான்னு வீட்டுக்கு எடுத்துச் சொல்ற மாதிரி" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள், உதடு மட்டும்.

"அப்படியே போர்டுல செத்துக் கிடக்கிற பட்டன் பேட்டரியையும் மாத்திடலாம் மாமா. கடிகாரக் கடையிலகூடக் கிடைக்கும். அப்புறம் அக்கா தினமும் வந்து எழுப்ப வேண்டியதில்லை. யார் தட்டினாலும் எழுந்துக்கும். பாவம், அக்காவுக்கு எவ்வளவு தொந்தரவு!"

மாமனார் பெரியவள் பக்கம் திரும்பினார். "பேட்டரிதானா? இது உனக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படி மாமா தெரியும்?"

சின்னவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் வேலையில் இறங்கிவிட்டாள். "அக்கா, அப்டேட் பண்ணினா உள்ள வெச்சதெல்லாம் அழிஞ்சிடும். மறுபடி வெக்கணும். காலையில போய் என்னென்ன மாத்துவீங்க?"

"தேதியும் நேரமும்தான்."

"வேற எதுவும் இல்லையேக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? அந்த வரி நுனிநாக்கில் வந்து நின்றது. ஆனால் அதற்கு முன்னால் 'பாவம்' என்ற சொல் வந்து உட்கார்ந்திருந்தது.

"வேற எதுவும் இல்லை" என்றாள் பெரியவள்.

மறுநாள் காலை பெரியவள் வழக்கம்போல் எழுப்பிவிட்டாள். இதுதான் கடைசி என்று அவளுக்கு மட்டும்தான் நெஞ்சில் குத்தியது. பிறகு சின்னவள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த பிடியை இழுத்து நாற்காலியை உயரமாக்கிக்கொண்டாள். பெரியவள் மூலையில் நூல் சுற்றுகிற சாக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறை சொல்ல இடமே இல்லாத வேலை. அதுதான் கொடுமை. பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, போர்டில் அச்சடித்திருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தாள். அதே பெயருக்கான பயாஸ் பைலைத்தானா இறக்கியிருக்கிறோம் என்று மறுபடி ஒத்துப் பார்த்தாள். எதிர்க்கடையில் இரவல் வாங்கிய யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரைச் செருகினாள். "எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா போர்டு கல்லாயிடும். யாரும் பிளக் கிட்ட வராதீங்க" என்றாள். பெரியவளின் புருஷன் மெஷினையே நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்டாட்டி வேலை செய்யும்போது ஒரு நாளும் அவர் மெஷினை நிறுத்தியதில்லை.

திரையில் ஒரு கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. கோடு நிறைந்ததும் கம்ப்யூட்டர் தானே அணைந்து, தானே எழுந்தது. பழைய நீலப் பக்கம் இல்லை. படமும் பட்டனும் வைத்த புதுப் பக்கம் வந்தது, மவுஸ்கூட நகர்ந்தது.

"அட, மூஞ்சியே மாறிடுச்சு!" என்றான் கொழுந்தன்.

சின்னவள் அணைத்துவிட்டு, பழைய ப்ராசஸரை எடுத்துத் துடைத்து வைத்தாள். புதியதை உட்காரவைத்து, மேலே பசை தடவி, விசிறியை மாட்டினாள். பேட்டரியையும் மாற்றினாள். சுவிட்சைத் தட்டியதும் திரையில் புது ப்ராசஸரின் பெயர் பளிச்சென்று வந்தது. மாமனார் கைதட்டியேவிட்டார். சின்னவள் தேதியையும் நேரத்தையும் வைத்துச் சேமித்தாள். விண்டோஸ் வரத் தொடங்கியது.

பாதியில் நீல மின்னல். மறுபடி முதலிலிருந்து. மறுபடி மின்னல்.

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும்" என்றாள் சின்னவள். அடுத்த தடவை முகம் சுண்டிவிட்டது. ப்ராசஸரைக் கழற்றிப் பழையதையே மாட்டினாள். அதே மின்னல். மெமரியைக் கழற்றி ஊதி மாட்டினாள். அதே மின்னல்.

அந்த நேரம் பார்த்து விளையாட்டு வாத்தியார் வந்து நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பனியன்கள் மூட்டையாகக் கடையில் கிடந்தன. "பேட்ஜ் போட்டாச்சா? மத்தியானம் பஸ்ஸு. பிள்ளைங்க வெறும் பனியனோடவா போய் ஓடும்?"

"வேலை செஞ்சுக்கிட்டு இருந்ததை நோண்டச் சொன்னது யாரு?" என்று மாமனார் வெடித்தார். சின்னவளைப் பார்த்துத்தான். வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக.

பெரியவளுக்கு அது சங்கீதம் மாதிரி இருந்தது. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிம்மா. பதறாதே. எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சின்னவளின் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தாள். ஜெயித்தவர்களுக்கு அன்பு எவ்வளவு சுலபமாக வருகிறது! இன்னும் கொஞ்ச நேரம் தவிக்கட்டும், பிறகு மெதுவாகப் போய் உட்கார்ந்து, 'எங்கே, நான் பார்க்கிறேன்' என்று சொல்லலாம் என்று கணக்குப் போட்டாள்.

அந்தக் கணக்கில் கொழுந்தன் இல்லை. அவன் அதற்குள் தெருமுனைக்கு ஓடி, சிநேகிதனிடமிருந்து வேறொரு பென் டிரைவோடு மூச்சு வாங்க வந்துவிட்டான்.

"விண்டோஸ் அடிபட்டிருக்காம். டிஸ்க்கைத் துடைச்சுட்டுப் புதுசா ஏத்தினா மத்தியானத்துக்குள்ள ஓடிடுமாம்."

"துடைச்சா, உள்ள இருக்கிற டிசைனு?" என்றார் பெரியவளின் புருஷன்.

"போகும். பேட்ஜ் சின்னதுதானே, அண்ணி இப்பவே உட்கார்ந்து போட்டுடுவாங்க. மத்ததையெல்லாம் நிதானமா மறுபடி போட்டுக்குவாங்க."

மறுபடி போட்டுக்குவாங்க. எத்தனை பூ, எத்தனை கொடி, பிரித்துப் பிரித்துப் போட்ட எத்தனை மயில் கழுத்து! பெரியவள் ஓரடி முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தால், 'தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் சும்மா நின்னியா?' என்ற கேள்வி வரும். திறக்காவிட்டால் எல்லாம் போகும்.

அவளுக்கு முன் சின்னவள் எழுந்து பென் டிரைவை மறித்தாள். "வேண்டாங்க! அக்காவோட உழைப்பு எல்லாம் அதுல இருக்கு. டிஸ்க்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, முதல்ல அதையெல்லாம் எடுத்து வெச்சுக்கலாம். ஒரு நாள் கொடுங்க."

"ஒரு நாளா? வாசல்ல நிக்கிறவருக்கு நீ பதில் சொல்றியா?" என்றார் மாமனார். "போடுடா அதை."

கொழுந்தன் பெண்டாட்டியின் கையை விலக்கிவிட்டுப் பென் டிரைவைச் செருகினான். திரையில், எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று கேள்வி வந்து நின்றது. அவன் விரல் விசைக்கு மேலே போனது.

"நிறுத்து!"

கத்தியது பெரியவள்தான். கொழுந்தனைத் தள்ளிவிட்டு நாற்காலியில் விழுந்தாள். பென் டிரைவைப் பிடுங்கினாள், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி உள்ளே நுழைந்தாள். நுழைந்தவள் திகைத்துப்போனாள். எல்லாமே புதுசு. எந்தப் பக்கம் போக வேண்டும், எத்தனாவது வரி என்று விரலுக்குத் தெரிந்தது ஒன்றும் இங்கே இல்லை. அழுத்த அழுத்த வேறு எங்கெங்கோ போனது. கடையே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை.

"இங்க ஒரு வரி இருக்கும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் படிக்கணும்னு. அதைப் பழைய முறைக்கு, ஐடிஇன்னு மாத்தணும்."

சின்னவள் பின்னாலிருந்து குனிந்து, மவுஸைப் பிடித்து, ஒரு படத்தைத் தட்டி, அதற்குள் இன்னொன்றைத் தட்டினாள். வரி வந்தது. மாற்றிச் சேமித்தாள். விண்டோஸ் பாதியைத் தாண்டியது, முழுசாக வந்தது. பூக்களும் கொடிகளும் பெட்டி பெட்டியாகத் திரையில் வரிசைகட்டின. பெரியவளின் புருஷன் போய் மெஷினைப் போட்டார்.

"ஏம்மா பெரியவளே, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மாமனார்.

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"அக்கா மேல தப்பில்லை மாமா. நான்தான் கேக்க மறந்துட்டேன்."

மாமனாரின் குரல் வெண்ணெயாக உருகியது. "பாருங்கடா, தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்குது. இந்த மனசு யாருக்கு வரும்?"

பெரியவள் மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். நாற்காலி போயிற்று, காலையில் எழுப்புகிற வேலையும் போயிற்று. இப்போது நல்லவள் என்ற பெயரும் சின்னவளுக்கே. அதுவும் என் செலவில்! இனி ஆயுசுக்கும் அவள் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு டீ குடிக்க வேண்டியதுதான். முடியாது. அதை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

"அவ மறக்கலை" என்றாள் பெரியவள் பட்டென்று. "கேட்டா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு திருப்பியும் கேட்டா. நான்தான் இல்லைன்னு சொன்னேன். பேட்டரி செத்ததும் எனக்குத் தெரியும். மெக்கானிக் அன்னிக்கே சொன்னாரு."

கொழுந்தன் கூரையைப் பார்த்தான்.

"நான்தான் சமாளிச்சுட்டேனேக்கா. எதுக்கு இப்போ?" என்றாள் சின்னவள் மெல்ல.

"உன்னை யாரு சமாளிக்கச் சொன்னது?"

அவ்வளவுதான். சின்னவளின் முகம் சிவந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு நிறம் வரும் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

"ஆமா, யாரு சொன்னா! காலையிலேர்ந்து எல்லார் எதிர்லயும் குற்றவாளி மாதிரி நின்னேன். இதுல தண்ணி வேற கொண்டு வந்து கொடுத்தீங்க! முதுகைத் தடவிக் கொடுத்தீங்க! எப்படிக்கா மனசு வந்தது?"

"நீ ஏன் என் நாற்காலியை ஏத்தினே?"

"என்னது?"

"வந்த உடனே ஏத்தினியே. என்னைக் கேட்டியா?"

"எனக்குக் கை எட்டலை, ஏத்தினேன்! நாற்காலிக்கு இவ்வளவு எரிச்சலா? எனக்கு எரிஞ்சது தெரியுமா உங்களுக்கு? இந்த வீட்டுல எதை எடுத்தாலும் 'அண்ணியைக் கேளு, பெரியவளைக் கேளு'தான். என் புருஷனுக்குத் துண்டு எங்கே இருக்குன்னு என்னைக் கேக்க மாட்டார், மேலேயும் கீழேயும் ஓடி உங்களைத்தான் கேப்பார்!"

கொழுந்தன் சத்தமில்லாமல் வாசலுக்கு நழுவினான். மாமனார் வாத்தியாரின் தோளைப் பிடித்து, "வாங்க, நாம அந்தப் பக்கம் நிப்போம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

பெரியவள் நாற்காலியைச் சின்னவள் பக்கம் முழுசாகத் திருப்பினாள். கேட்டது நிஜம்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. எரிந்ததா? இவளுக்கா? என்னைப் பார்த்தா?

"துண்டா?" என்றாள்.

"துண்டு மட்டுமா! நான் ஆசை ஆசையா ஒரு புதுச் சட்டை வாங்கி வந்தா, போட்டுக்கிட்டு நேரா உங்ககிட்ட வந்து, 'நல்லா இருக்கா அண்ணி?'ன்னு கேக்கிறார். நான் பக்கத்துலயே நிக்கிறேன்!"

பெரியவள் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துச் சின்னவளுக்கு முன்னால் போட்டாள்.

"உட்காரு" என்றாள். "வேற?"